பாதை ஏறுமுன்

பாதை என்னும் சொல்லுக்கு நிலத்தின்மேல் நடந்து செல்லும் வழி என்றே பொதுவாகப் பொருள் கொள்வோம். மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் மக்களுக்கோ அச்சொல் வேறொரு பொருளும் தரும். மனிதரையும் வண்டிகளையும் ஒருங்கே ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கும் அவர்கள் பாதை என்றே பெயர் வழங்குகின்றனர். “பாதை அக்கரையில் நிற்கிறது”, “பாதை போய்விட்டது” என்று அவர்கள் பேசக் கேட்கும் வெளியூரார் முதலில் திகைப்பது இயல்பே.

வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. கதிரவன் எழுவதையும் படுவதையும் கொண்டு அமைந்த இப்பெயர்களின் அழகை வியந்தவாறே, மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கு நோக்கிச் சென்றோம். களுவாஞ்சிக்குடியை அடுத்துள்ள குருமண்வெளித் துறையே நாம் நாடிய இடம். அக்கரையில் மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று அடியார்கள் போற்றும் முருகன் கோயில் அங்கே உள்ளது. பட்டிருப்புப் பாலத்தின் வழியாகவும் மண்டூரை அடையலாம். ஆயினும் அது சுற்றுவழி. ஆதலால் மாணவரும் ஆசிரியரும் வயலுக்குச் செல்வோரும் துறையில் காத்து நிற்பதைக் கண்டோம்.

பாதை கரையைத் தொட்டதும் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. ஒரு சைக்கிளில் தந்தை, தாய், இரு பிள்ளைகள் என நால்வர் அமர்ந்திருந்தனர். தந்தையின் தலையில் மாத்திரமே தலைக்கவசம் இருந்தது. எண்ணெய்த் தாங்கியின்மேல் இருந்த சின்னஞ்சிறுவன் வெறுந்தலையனாய் வாவியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலிருந்த மகிழ்ச்சி நம்மையும் தொற்றிக்கொண்டது. உடன் ஒரு கவலையும் எழுந்தது.

வாவி அமைதியானது. கடலைப்போல் அலையெறிந்து அச்சுறுத்துவதில்லை. அவ்வமைதியே நம்மைக் கவனமற்றவர் ஆக்குகிறது. மிதவையொன்று கவிழ்வதற்குப் புயல் வேண்டியதில்லை. அளவுக்கு மீறிப் பாரம் ஏறினால் அதன் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கிவிடும். அந்நிலையில் ஏதோ ஒன்றைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் ஒதுங்குவார்களாயின் அப்பக்கம் தாழும், நீர் உட்புகும், புகுந்த நீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி அதை மேலும் தாழ்த்தும். கைப்பிறேக் போடாத ஒரு வண்டி உருண்டாலும் இதுவே நிகழும். அதன்பின் நிமிர்த்துவதற்கு நேரம் இராது.

இது வீண் அச்சமன்று. திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் காலையில் நிகழ்ந்ததை நம் நாட்டார் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே புதிய பாலம் கட்டப்பட்டுவந்த காலத்தில் மக்கள் மிதவைப் பாதையில் நீரைக் கடந்தனர். அன்று அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அவர்கள் நெடுந்தூரக் கடற்பயணம் போனவர்கள் அல்லர். நாள்தோறும் கடக்கும் நீரையே அன்றும் கடந்தார்கள். பழகிய வழியில் ஆபத்து இல்லை என்று எண்ணுவது எத்துணைப் பெரிய தவறு!

பாலங்கள் எழும்போது இத்துன்பம் குறையும். மண்முனையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டபின் அவ்விடத்தில் பாதைக்காகக் காத்திருக்கும் நிலை நீங்கியது. ஆயினும் எல்லாத் துறைக்கும் பாலம் வரும்வரை நம் உயிரை நாமே காத்துக்கொள்ளல் வேண்டும். உயிர்காப்பு அங்கி தரப்பட்டால் அதை மடியில் வைத்திராது அணிந்து, வார்களை இறுக்கிக் கட்டுக. தரப்படாவிட்டால் கேட்டு வாங்குக. பிள்ளைக்குப் பிள்ளையின் அளவினதே வேண்டும். பெரியவரின் அங்கி சிறுவனின் தலைவழியே கழன்றுவிடும். மிதவையில் ஏறியதும் வண்டியின் இயந்திரத்தை நிறுத்தி, கைப்பிறேக் போட்டு, அனைவரும் இறங்கி நிற்றல் நன்று. புத்தகப் பையை முதுகில் இறுக்காமல் கையில் வைத்திருக்குமாறு மாணவர்க்குச் சொல்லுக.

தவறி நீரில் வீழ்ந்தால் கரையை நோக்கிக் கைகால்களை அடித்துக் களைத்துவிடலாகாது. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். கவிழ்ந்த மிதவை மிதக்குமாயின் அதையே பற்றிக்கொண்டு உதவி வரும்வரை இருத்தல் நலம். கரையில் நிற்பவரும் பதறி நீரில் குதித்தலாகாது; தத்தளிப்பவர் காப்பாற்ற வந்தவரையும் இறுகப் பற்றி அமிழ்த்திவிடுவார். நீண்ட தடி, கயிறு, மூடியிட்ட வெறும் பிளாஸ்ரிக் கலன் ஆகியவற்றுள் கைக்கு எட்டியதை நீட்டுக அல்லது எறிக.

கரைசேர்க்கப்பட்டவரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் இன்னும் காணப்படும் வழக்கங்கள். இவை பயன் தருவதில்லை. பொன்னான நேரத்தை வீணாக்குவதோடு தீங்கும் செய்யும். மூச்சு இல்லையெனில் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கை மூடிப் பிடித்து, வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதுக. பின் நெஞ்சின் நடுவே வேகமாகவும் உறுதியாகவும் 30 முறை அழுத்துவதும் 2 முறை ஊதுவதுமாகத் தொடர்க. இதற்கிடையே மற்றொருவர் 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரேனும் இம்முதலுதவியைப் பயின்றிருத்தல் வேண்டும்.

துறையை விட்டு நீங்கினாலும் நீர் நம்மை விட்டு நீங்குவதில்லை. இருபுறமும் வாவி கிடக்க நடுவே செல்லும் தாம்போதிகளில் இரவிலும் மழையிலும் வீதியின் விளிம்பு தெரியாது. மெல்லச் செல்வதே அறிவு. கார் நீரில் வீழ்ந்துவிட்டால் சில கணங்கள் அது மிதக்கும். அப்பொழுதே ஆசனப் பட்டியைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியேற்றித் தாமும் வெளியேறவேண்டும். கதவைத் திறக்க முயன்றால் வெளிநீரின் அழுத்தம் எளிதில் இடந்தராது. திறந்தாலோ நீர் பாய்ந்து வண்டி விரைந்து அமிழும்.

இத்தனையும் அறிந்திருப்பது நன்றே. எனினும் இவற்றுள் பெரும்பாலானவை தேவைப்படாமலே போகும்படி செய்யும் வழியொன்று உண்டு. நிரம்பிய பாதையில் ஏறுபவர் ஒவ்வொருவரும், “நான் ஒருவன் ஏறுவதால் என்ன வந்துவிடப் போகிறது?” என்றே நினைக்கிறார். அவ்வாறு நினைக்கும் பத்துப் பேர் சேர்ந்தால் அதுவே அளவுக்கு மீறிய பாரம். பாடசாலை மணி அடித்துவிடும் என்றும் அலுவலகத்தில் கையொப்பமிடும் நேரம் கடந்துவிடும் என்றும் அஞ்சியே நாம் முண்டியடிக்கிறோம். துறை கடந்து வரும் பிள்ளை சிறிது பிந்தினால் அதனைக் குற்றமாகக் கொள்ளாதிருக்க ஆசிரியர்களும், “பாதை நிரம்பியிருந்தால் ஏறாதே, பிந்தி வந்தாலும் ஏசமாட்டோம்” என்று முதல்நாள் இரவே சொல்லிவைக்கப் பெற்றோரும் முன்வரவேண்டும். அவ்வுறுதி கிடைத்த பிள்ளை கரையில் நிம்மதியாக நிற்கும். அக்கரைக்குப் போன பாதை அரைமணி நேரத்திலோ ஒருமணி நேரத்திலோ திரும்பி வந்துவிடும்.