பாட்டி பில்டருக்குப் பாலிஷ்!

கும்பகோணத்துக்கு ஜனங்கள் கோயிலுக்குப் போவார்கள், கொழுந்து வெற்றிலைக்குப் போவார்கள். நான் போனது காபி பில்டருக்கு வைத்தியம் பார்க்க!

பாட்டியின் பித்தளை பில்டர். எவர்சில்வர் வந்த ஜோரில் பரணுக்குப் போனது, இப்போது இறக்கினால் உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. பி.காம். கணக்குப்படி டிப்ரிசியேஷன் போக மதிப்பு பூஜ்யம். அம்மா கணக்கு வேறு. ‘‘அதுல இறங்கற டிகாக்‌ஷனே தனிடா!’’

பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். ஈரமும் புளிப்பும் பட்டால் செம்பு பச்சையாகப் பூக்கும். அது வயிற்றுக்குள் போனால் குமட்டல், வாந்தி. காபியும் லேசான அமிலம்தான். அதற்குத்தான் உள்ளே ஈயப்பூச்சு.

கும்பேஸ்வரன் கோயில் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் புது பில்டர் விற்க எல்லோரும் ரெடி. பழசுக்கு ஈயம் பூச? உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு புண்ணியவான் மட்டும் நாச்சியார்கோயில் பக்கம் கை காட்டினார். பத்து கிலோமீட்டர். கல் கருடனுக்கும் குத்துவிளக்குக்கும் பேர்போன ஊராச்சே, பித்தளை தெரிந்த கை இல்லாமலா போகும்?

இருந்தது. பெரியவருக்கு எழுபது இருக்கும். பில்டரைத் தட்டிப் பார்த்தார். ‘‘கனம் இருக்கு தம்பி. பிழைச்சுக்கும்.’’

எனக்கு ஒரு சந்தேகம். தமிழில் ஈயம் இரண்டு. வெள்ளீயம் நல்ல பிள்ளை. காரீயம் விஷம், ருசியும் காட்டாது, வாசனையும் காட்டாது, குழந்தைகளின் மூளையில் கை வைக்கும். விலை மட்டும் மலிவு. வீட்டில் நாலு வயசு மகள் காபி டம்ளரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். கேட்டே விட்டேன்.

பெரியவர் கோபிக்கவில்லை. ஈயக் குச்சியை வெள்ளைத் தாளில் தேய்த்தார். காரீயம் என்றால் கறுப்பாகக் கோடு விழுமாம். விழவில்லை. குச்சியை என் காதருகே வளைத்தார். கிர்ர்ர்... இரண்டு ஈயத்தில் வெள்ளீயம்தான் இப்படி முனகும்! (கொஞ்சமாகக் கலந்திருந்தால் இதில் சிக்காது. அதற்கு லேப்தான்.)

அப்புறம் புளி, மணல், துருத்தி, கரி நெருப்பு. சூடேறிய பித்தளையில் நவச்சாரத்தைத் தூவ, குப்பென்று வெண்புகை. ஈயத்தை வைத்ததும் உருகியது. பஞ்சால் ஒரு சுழற்று, உள்ளே வெள்ளிக் கிண்ணம்! துளைத் தட்டை மட்டும் சூட்டோடு தட்டி உதறினார். இல்லாவிட்டால் கண் அடைத்து, டிகாக்‌ஷன் இறங்க மறுநாள் ஆகும்.

‘‘வெறுமனே அடுப்புல வைக்காதீங்க தம்பி, ஈயம் வழிஞ்சிடும்.’’ வாஸ்தவம். 232 டிகிரியில் உருகிவிடும் சரக்கு.

‘‘கம்பி நார்?’’

‘‘கூடவே கூடாது. தேங்காய் நார் போதும்.’’

‘‘மறுபடி எப்ப வரணும்?’’

‘‘உள்ளே மஞ்சள் தெரிஞ்சா வாங்க. நான் இல்லேன்னா... குச்சியை வளைச்சுக் காதுல கேட்டுட்டு அப்புறம் பூசக் குடுங்க.’’