எர்ரர் ஜீரோங்க, அப்புச்சி

சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளைப் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்பதைத்தான். இதற்கு நான் நீட்டி முழக்குவதில்லை. கீகேட் போட்டுக்கொள் என்பேன். காசு கிடையாது. பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ழான்-பியேர் ஷராஸ் 1992-ல் தொடங்கியது அது. 2013 முதல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் சேர்ந்து அதை வளர்த்தது. அதற்கு முன்னால் பையன்கள் பலர் ஈகிள் பழகினார்கள். 1988-ல் ஜெர்மனியில் வந்த சரக்கு, நல்ல சரக்குதான். 2016-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2026 ஜூனோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. யாரோ கடையைச் சாத்தினால் நம் கோப்புகள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. என் கணக்கு அவ்வளவுதான்.

பட்டன்களைப் பழக ஒரு சாயங்காலம் போதும். எம் அடித்தால் நகரும், ஆர் அடித்தால் திரும்பும், எக்ஸ் அடித்தால் கோடு இழுக்கலாம். இதைச் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

எண்பதுகளில் கோவை கணபதியில் நான் வேலை பார்த்த பட்டறையில் லைட் டேபிள் மேல் மைலார் தாளை விரித்து, கறுப்பு டேப்பை வெட்டி வெட்டி ஒட்டித்தான் போர்டு வரைவோம். இரண்டு மடங்கு பெரிதாக ஒட்டியதைக் கேமராவில் பாதியாகச் சுருக்குவார்கள். ஒரு ஐ.சி.யைக் கொஞ்சம் நகர்த்த வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள டேப் அத்தனையும் உரிக்க வேண்டும். அதனால் எது எங்கே உட்காருவது என்ற சண்டையெல்லாம் பென்சிலிலேயே முடிந்துவிடும். அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். கண் போனதுதான் மிச்சம். சர்க்யூட்டில் இருக்கும் ஓர் இணைப்பு போர்டில் விட்டுப்போனால் சொல்வதற்கு நாதி கிடையாது. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மஞ்சள் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவார். ராத்திரி பத்து மணிக்கு வாசிக்கிறவருக்குத் தூக்கம் வந்தால் கதை முடிந்தது. இன்று அந்த வேலையை மென்பொருள் கண் இமைப்பதற்குள் முடித்து, பிழை இல்லை என்று சொல்லிவிடுகிறது. பிள்ளைகளும் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். புராஜெக்டுக்கு, மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போட்டு, நிறைந்தால் நிறுத்தும் கட்டுப்பாட்டு போர்டு. நல்ல தேர்வு, முதல் போர்டு சின்னதாக, வீட்டில் பயன்படுவதாக இருக்க வேண்டும். 555 ஐ.சி. ஒன்றே போதும். ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-ல் வடிவமைத்தது, இன்னும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. 12 வோல்ட் கொடுத்தால், இரண்டாவது கால் 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது வெளியீடு எழும். ஆறாவது கால் 8 வோல்ட்டைத் தாண்டும்போது விழும். தொட்டிக்குள் மூன்று கம்பிகள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. வேலை முடிந்தது.

சர்க்யூட்டை வரைந்து சோதனை போட்டாள். இஆர்சி என்னும் அந்தச் சோதனை கத்தியது: 555-க்கு மின்சாரம் தருகிறவர் யாரும் இல்லையாம். கனெக்டரிலிருந்து கோடு கண்ணெதிரே வருகிறது, பிறகென்ன? கனெக்டர் வெறும் கால்தானே. அதற்குப் பின்னால் அடாப்டர் இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? வீடியோவில் பார்த்தபடி ‘பவர் ஃபிளாக்’ ஒன்றை ஒட்டினாள், சத்தம் அடங்கியது. “அது என்னன்னு தெரியுமா அம்மணி?” என்றேன். “எர்ரர் போறதுக்குங்க” என்றாள். இல்லை. மின்சாரம் இங்கேதான் வருகிறது என்று அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. மென்பொருள் அந்தப் பேச்சை நம்பிச் சும்மா இருக்கிறது. அந்த 12 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பிரிந்து வருகிறதா, இல்லை மலிவுக்கு ஒரு கப்பாசிட்டரை வைத்து மெயின்சிலிருந்து நேராக இறக்கியதா என்று அது கேட்காது. இரண்டாவதாக இருந்தால் தொட்டித் தண்ணீரில் கை வைப்பவன் 230 வோல்ட்டில் கை வைக்கிறான்.

அடுத்து போர்டு. அடுக்கி, கோடு இழுத்து, டிஆர்சி என்னும் போர்டு விதிச் சோதனையைப் போட்டுவிட்டு, கூவிக்கொண்டு வந்தாள்: “எர்ரர் ஜீரோங்க, அப்புச்சி!” பார்த்தேன். ரிலேயிலிருந்து போகும் மெயின்ஸ் கோடும், தொட்டிக்கம்பிக்குப் போகும் கோடும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றன. கீகேட்டில் புதுக் கோப்பைத் திறந்ததும் அதில் இருக்கும் இடைவெளி விதி 0.2 மில்லிமீட்டர். இவள் விட்டிருந்தது 0.3. விதிப்படி சரிதான். 230 வோல்ட் பக்கத்துக்கும் கைபடும் பக்கத்துக்கும் நடுவே நான் 6 மில்லிமீட்டருக்குக் குறைய விடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது? நெட் கிளாஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. மெயின்ஸ் கோடுகளைத் தனி வகுப்பாகப் பிரித்து, அதற்குரிய இடைவெளியை அங்கே எழுத வேண்டும். எழுதியதும் ஜீரோ என்றிருந்தது வரிசையாகச் சிவந்தது. அதில் பாதி, ரிலேயின் மெயின்ஸ் கால்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை. அதற்குத் தனி விதி எழுதித் தீர்த்தோம். மீதியெல்லாம் நியாயமான புகார்கள்.

அதிலும் ஒரு புகாரை எப்படி நகர்த்தினாலும் தீர்க்க முடியவில்லை. அவள் எடுத்திருந்தது சுகர் கியூப் என்று கடையில் கேட்கும் நீலநிற ரிலே. அதன் காயிலின் (கம்பிச்சுருளின்) கால்கள் இரண்டுக்கும் நடுவில்தான் மெயின்ஸ் சேரும் பொதுக்கால் இறங்குகிறது. எதிராளியைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே உட்காரவைத்த கதை. அந்தக் காலைச் சுற்றிப் போர்டில் பள்ளம் வெட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. கடையில் வாங்கும் ரிலே போர்டுகள் பலவற்றில் அந்தப் பள்ளத்தைப் பார்க்கலாம். தண்ணீரில் கம்பி விடுகிற வேலைக்கு எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. காயில் ஒரு முனையிலும் காண்டாக்ட் மறுமுனையிலும் உள்ள ரிலேக்கு மாறச் சொன்னேன். மோட்டாரை அது நேரடியாகத் தூக்கவும் வேண்டாம். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காண்டாக்டரின் காயிலுக்குச் சாவி கொடுத்தால் போதும்.

இதே சங்கதி சின்னச் சின்ன இடத்திலும் வரும். 555-க்கு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று போடுவோம். அது முதல் காலுக்கும் எட்டாவது காலுக்கும் ஒட்டி உட்கார்ந்தால்தான் பயன். போர்டின் மறுகோடியில் கிடந்தாலும் மென்பொருளுக்கு இணைப்பு இணைப்புதான். டிரான்சிஸ்டரைப் பார்த்தால், தட்டை முகம் நம்மைப் பார்க்க வைத்து இடமிருந்து எண்ணும்போது பிசி547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு அதன் தலைகீழ். கடையில் அது இல்லை, இதை வைத்துக்கொள் என்று கொடுப்பார்கள். ஆகவே சாமான்களை வாங்கிவிட்டு வரை. வரைந்ததை நூறு சதவீத அளவில் அச்செடுத்து, தெர்மாகோலில் விரித்து, ஒவ்வொரு சாமானின் காலையும் குத்திப் பார். ரிலேயின் கால் இறங்கவில்லையென்றால் காகிதத்தோடு போகும், காசு போகாது.

கடைசியில் ஃபேக்டரிக்கு அனுப்புவது கெர்பர் கோப்புகள். வியன்னாவில் பிறந்து, 1940-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன ஜோசப் கெர்பரின் கம்பெனிப் பெயர் அது. அச்சிட்ட சர்க்யூட்டுக்கே வழிகாட்டிய பால் ஐஸ்லரும் வியன்னாக்காரர். 1936-ல் லண்டன் போய்ச் சேர்ந்தவர். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட இரண்டு பேரின் கைவேலை இது என்று யாராவது வகுப்பில் சொல்கிறார்களா, தெரியவில்லை. போகட்டும். அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்புகளைக் கெர்பர் பார்வைக் கருவியில் திறந்து, துளைகள் வட்டத்தின் நடுவில் விழுகின்றனவா, எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். போர்டு வந்ததும் மெயின்சைத் தொடாமல், 12 வோல்ட் மட்டும் கொடுத்து, கம்பிகளை ஒரு சொம்புத் தண்ணீரில் விட்டு ரிலே தட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

பேத்தி ரிலேயை மாற்றினாள். இடைவெளி விட்டு அடுக்கியதில் போர்டு அகலமாகிவிட்டது. ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவில் இறங்காது என்று ஸ்கேலை வைத்துக் காட்டினாள். பெரிய டப்பா வாங்கலாம் என்றேன். “வாங்கலாங்க. ஆனா மொதல்ல டப்பா அளவைக் கோடு போட்டுட்டு, அப்புறம் ஒண்ணொண்ணா வெக்கறேங்க” என்று சொல்லி, அடுக்கியதையெல்லாம் அழித்துவிட்டு, போர்டு ஓரக்கோட்டை மறுபடி முதலிலிருந்து வரைய உட்கார்ந்துவிட்டாள்.