சத்தமில்லாமல் குறைவது

சில ஆண்டுகளுக்கு முன் திருவள்ளூரில் ஒரு மகளிர் தினக் கூட்டம். கவிதை வாசித்துக்கொண்டிருந்தேன். நான்காவது கவிதையின்போது முன்வரிசைப் பெண்கள் முன்னால் சாய்ந்து காது கொடுப்பதைப் பார்த்த பிறகுதான் என் குரல் குறைந்திருப்பது தெரிந்தது. தொண்டை கட்டிவிட்டதோ என்று என்னையே சந்தேகப்பட்டேன்.

கூட்டம் முடிந்ததும் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தாள். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை.

"உங்க தொண்டை நல்லாத்தான் இருக்கும்மா. மிக்ஸர்கிட்ட இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினார். நான் பார்த்தேன்."

பிறகு, ஷிப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். மைக்கின் ஒலி கணினிக்குள் போகாது. மின்னழுத்தமாகவே பெட்டி வழியே ஸ்பீக்கருக்குப் போகும். வால்யூம் குமிழைத் திருப்பும் வேலை மட்டும் லேப்டாப்புக்கு. வாசித்தேன். அவள் ஒலியைக் கூட்டியதும் என் நெடில்கள்மேல் பையின் ஜிப்பை இழுத்ததுபோல் 'கிர்ர்' என்றது. அந்தத் துறையிலும் அதற்கு 'ஜிப்பர் இரைச்சல்' என்றுதான் பெயராம். கை திருப்பும் குமிழ் வழுக்கிக்கொண்டு போகும். அவள் போட்ட சில்லுக்கோ 256 படிகள்தான். ஒலியலையின் நடுவில் ஒரு படியிலிருந்து மறுபடிக்குத் தாவும்போது அலை வெட்டுப்படுகிறது.

அடுத்த முறை அதைச் சரிசெய்திருந்தாள். கணினி தரும் எண்ணை மின்னழுத்தமாக்கி, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் வழியே அனுப்பி, அந்த அழுத்தத்தால் ஆம்ப்ளிஃபையரைக் கட்டுப்படுத்தினாள். கெபாசிட்டர் நிறையக் கொஞ்சம் நேரமாகும். அதனால் படி சரிவாகிவிடுகிறது. கெபாசிட்டர் பெரிதானால் கட்டளைக்குப் பிந்தி ஒலி மாறும். சிறிதானால் மறுபடி கிர்ர்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஒயர் வேலை" என்கிறார்களாம் அவள் வீட்டில். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சிந்தசைசர் வந்ததில் பங்கிருந்த கீதா சாராபாய் பற்றிச் சொன்னேன். ஆண்களின் வாத்தியமாக இருந்த பக்கவாஜை வாசித்தவர். 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், கணினியால் அனலாக் ஒலிக்கருவிகளை இயக்கி இசையமைத்த லாரி ஸ்பீகல் பற்றியும் சொன்னேன்.

"இப்ப வாசிங்கம்மா."

வாசித்தேன். ஒரு கிர்ர்கூட இல்லை. பக்கத்தின் முடிவில்தான் ஸ்பீக்கர் மௌனமாகிவிட்டதைக் கவனித்தேன். எப்போது குறையத் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை.

திருவள்ளூரில் நடந்ததும் இதுதான். மைக்கைப் பிடுங்கியிருந்தால் அரங்கமே எழுந்து கேட்டிருக்கும். எழுதாதே என்று என் வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. பிள்ளையின் தேர்வு, மாமியாரின் மருத்துவமனை, விருந்தாளிகள் என்று சின்னச் சின்னப் படிகளாக இறங்கி, ஏழு வருடம் ஒரு கவிதைகூட எழுதாமல் இருந்தேன். எந்த நாளில் நின்றது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சண்டை போட ஒரு 'கிர்ர்'கூட எனக்குக் கிடைக்கவில்லை.

அவளிடம் இதைச் சொன்னேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு.

"அதுக்குத்தாம்மா இதைப் போட்டிருக்கேன். காது ஏமாந்தாலும், இறங்கினா இதுல தெரியும்."

அடுத்த கூட்டத்தில் அந்த லேப்டாப் மேடையில், என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கண் கவிதையில், ஒரு கண் கோட்டில் வைத்து வாசித்தேன்.