புளியமரத்தடி ஆல்டோ

கள்ளக்குறிச்சில பழைய ஆல்டோ ஒண்ணு, ரெண்டு வருஷமா புளியமரத்தடியில கிடக்குது. 60,000 சொல்றாங்க. எனக்கு வெள்ளிமலைல டூட்டி. மழையில பைக்ல மலை ஏறி அலுத்துப்போய் ஆசை வந்துடுச்சு.

மெக்கானிக் அண்ணன் டயர் ஓரத்துல நாலு நம்பரைக் காட்டினார்: 2316. அதாவது 2016-ல 23-வது வாரம் செஞ்சது. "பட்டன் இருக்கு, ரப்பர் செத்துப்போச்சு சார்."

பிரேக் ஆயில் டிக்காஷன் கறுப்பு. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். இறக்கத்துல மிதிச்சுக்கிட்டே வந்தா சூட்டுல அந்தத் தண்ணி ஆவியாகி, பெடல் சும்மா உள்ள போயிடும். டைமிங் பெல்ட்டும் சேர்த்து 35,000 ஆகுமாம்.

கச்சிராயப்பாளையம் இறக்கத்துல உருண்டவங்களுக்கு நானே தையல் போட்டிருக்கேன்.

40,000-க்குக் கேட்டிருக்கேன். கொடுத்தாலும், டயரும் பிரேக்கும் மாத்தாம வண்டி மலை ஏறாது. அதுவரைக்கும் பஸ்தான்.