அந்த 48 மணி நேரம்

இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி

பொறுமைக்குப் பூமியை உவமை சொல்வார்கள். அதற்கு அடுத்தபடியாகப் பெண்ணைச் சொல்வார்கள். பள்ளியில் படித்த காலத்தில் பேச்சுப் போட்டி மேடையில் நானும் அப்படிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இன்று அதே மேடையில் ஏற்றினால் அப்படிப் பேச மாட்டேன். ஏன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரை. என் அக்காவின் அனுமதியைப் பெற்றே எழுதுகிறேன். "எழுது கண்ணு, நாலு புள்ளைங்க படிச்சாப் போதும்" என்றாள் அவள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதிக்க வைத்தவள் அக்கா. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர்ப் பெண்கள் பலரையும் போலப் பனியன் கம்பெனிக்குப் போனாள். முதலில் கைமடி, பிறகு செக்கிங். காலை எட்டரை மணிக்குப் போனால் இரவு எட்டு மணி வரை ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் என் நோட்டுப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் வந்தன. ஆயிரம் பனியன்களுக்கு நடுவே ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

அப்படிப்பட்டவள் தன் உடம்பில் இருந்த பழுதை மட்டும் பத்தாண்டுகள் கவனிக்காமல் இருந்தாள். கவனிக்க நாங்கள் விடவில்லை என்பதே உண்மை. மாதந்தோறும் அந்த மூன்று நாட்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடப்பாள். அம்மா வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுப்பாள். "கல்யாணமானாச் சரியாப் போயிடும்" என்பார்கள் உறவினர்கள். வேலை செய்த இடத்தில் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அதன் பெயர் என்னவென்று அவளுக்குத் தெரியாது. விழுங்கிவிட்டு மறுபடியும் மேசை முன் நிற்பாள்.

இது அவள் ஒருத்தியின் கதை அன்று. 2019-ஆம் ஆண்டு தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் பணிபுரியும் சுமார் 100 பெண்களைச் சந்தித்துப் பேசினர். மாதவிடாய் வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தரப்பட்டதாக அவர்கள் அனைவரும் கூறினர். வலியை அடக்கினால் ஷிப்ட் நடக்கும். ஆனால் வலிக்குக் காரணம் என்ன என்று கேட்க ஆளில்லையே!

அக்காவுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? அதன் பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள். சினைப்பையில் 'சாக்லேட் கட்டி' இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் கருக்குழாயைச் சுற்றிலும் வளர்வதே இந்நோய். அது மாதந்தோறும் வீங்கிக் கசியும். உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. திருமணம் இதற்கு மருந்தன்று.

சென்ற ஆடி மாதம் அக்காவுக்கு நாள் தள்ளிப் போயிற்று. வீட்டிலேயே கார்டு வைத்துப் பார்த்தாள், இரண்டு கோடுகள்! மாமா இனிப்பு வாங்கி வந்தார். அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். ஆறாம் நாள் அக்கா என்னைத் தனியே அழைத்து, "வலப்பக்கம் மட்டும் குத்துது. கொஞ்சம் தீட்டும் படுது. பழைய வலிதான், யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். இரண்டு நாட்களாகவே வலி இருந்ததாம்.

பெண் இனப்பெருக்க மண்டலத்தின் படத்தை வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். கருக்குழாயின் படம் அப்போது கண் முன் வந்தது. அவள் பேச்சைக் கேட்காமல் மாமாவிடம் சொன்னேன். அன்றே மருத்துவமனைக்குப் போனோம்.

மருத்துவர் கேட்டார்: "இது பழைய வலியா, புது வலியாம்மா?"

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியலைங்க டாக்டர். வலி இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னே மறந்து போச்சுங்க" என்றாள்.

நண்பர்களே, அந்தப் பதில் இன்னும் என் காதில் ஒலிக்கிறது. எச்சரிக்கை மணி பத்தாண்டுகள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தால், உண்மையான ஆபத்து வரும்போது அதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்கேனில் கருப்பைக்குள் கரு தெரியவில்லை. "இவ்வளவு சீக்கிரத்தில் தெரியாமலும் இருக்கலாம், கருக்குழாயில் தங்கியிருக்கவும் கூடும்" என்றார் மருத்துவர். நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இப்படி இடம் மாறுவதுண்டு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு சற்று அதிகம். ஆயினும் அவர்களிலும் பெரும்பாலோருக்குக் கரு உரிய இடத்திலேயே தங்குகிறது என்றும் அவர் சொன்னார். இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. அளவைப் பார்த்தார்கள்: 900. நல்ல கர்ப்பமானால் தொடக்கத்தில் இரண்டு நாட்களில் அது ஏறக்குறைய இரு மடங்காகும். 48 மணி நேரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். தலைசுற்றல், மயக்கம், கடும் வயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி இவற்றில் எது வந்தாலும் காத்திராமல் உடனே வரவேண்டும் என்றார்கள். குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் தோளில் வலி தோன்றுமாம்.

அந்த இரண்டு இரவுகளும் நான் தூங்கவில்லை. அக்கா புரண்டு படுத்தால்கூட, "தோள் வலிக்குதாக்கா?" என்று கேட்பேன். "போ கண்ணு, தூங்கு. காலையில உனக்குப் பரீட்சை" என்பாள். அவள் மறைக்கிறாளோ என்ற பயம்தான் எனக்கு நோயைவிடப் பெரிதாக இருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பழகியவள் அல்லவா?

இரண்டாவது அளவு 1,120. இரு மடங்காகவில்லை. மறு ஸ்கேனில் வலது கருக்குழாயில் சிறு கட்டி போலத் தெரிந்தது. "அதை எடுத்துக் கருப்பையில வெச்சுற முடியாதுங்களா?" என்று அம்மா கேட்டாள். முடியாதென்று மருத்துவர் தலையசைத்தபோது அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரத்தோடு வந்ததால் மெத்தோட்ரெக்சேட் என்ற ஊசியே போதுமானதாயிற்று. குழாய் வெடிக்காமல் தொடக்க நிலையில் இருக்கும் சிலருக்கே இது பொருந்தும். வெடித்துவிட்டால் உடனடி அறுவை சிகிச்சைதான். இம்மருந்தைத் தந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். புற்றுநோய்க்கென வந்த அம்மருந்தைக் கருக்குழாய்க் கர்ப்பத்துக்கு 1982-இல் ஜப்பானிய மருத்துவர்கள் பயன்படுத்தினர். நூலகத்தில் அவர் பெயரைப் படித்தபோது மனத்துக்குள் கைகூப்பினேன்.

எச்.சி.ஜி. அளவு முற்றிலும் இறங்கும் வரை வாரந்தோறும் பரிசோதனை. அளவு இறங்க இறங்க மாமா நிம்மதி அடைந்தார். அக்கா மட்டும் ஒருநாள், "எண்ணு குறையக் குறைய எல்லாரும் சந்தோசப்படறீங்க. குறையறது என் புள்ளைதானே?" என்றாள். எந்தப் பாடப் புத்தகத்திலும் அதற்கு விடை இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அவள் மீண்டும் வேலைக்குப் போகிறாள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் வலி வரும் நாளையெல்லாம் சிவப்பு மையால் குறித்து, அது எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்றும் எழுதுகிறாள். சென்ற வாரம் பக்கத்து மேசைப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "மாத்திரை அப்புறம். மொதல்ல டாக்டரைப் பாரு, நானும் வர்றேன்" என்று அழைத்துப் போனாளாம்.

மாணவத் தோழர்களே, தோழியரே! நம் வீட்டிலும் ஓர் அக்காவோ அம்மாவோ அந்த நாட்களில் சுருண்டு கிடக்கலாம். "பொறுத்துக்கொள்" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கேளுங்கள். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் நாம். அதைக் கேட்கக்கூட உதவாவிட்டால் நாம் படித்த படிப்பு எதற்கு?