கோலூன்றிய நடையும் கருவியின் கணக்கும்

நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி நடத்தல் வேண்டும் என்னும் பேச்சு இந்நாளிற் பலர் நாவில் வழங்குகின்றது. இவ்வெண் மருத்துவர் ஆராய்ந்து வகுத்த வரம்பன்று. 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மன்போ கெய்’ என்னும் கருவியின் பெயரினின்று பரவியது. ‘பதினாயிரம் அடி அளவி’ என்பதே அப்பெயரின் பொருள்.

அக்கருவி இடையில் அணியப்பெற்றது. இன்றோ அடி எண்ணுந் தொழில் கடிகாரத்துட் புகுந்து மணிக்கட்டில் ஏறியுள்ளது. இடர் தொடங்குவது ஈண்டேயாம். மணிக்கட்டிலுள்ள கருவி காலைக் காணாது. கையசைவையே அதனுள் அமைந்த முடுக்கமானி உணரும். அவ்வசைவு ஒழுங்காக மீண்டும் மீண்டும் வரின் அதனை அடியெனக் கொள்ளும். கை வீசி நடப்பார்க்கு இக்கணக்குப் பெரிதும் பொருந்தும். கோலூன்றுவார்க்கோ உடற்பாரம் கையின்மேற் சாய, வீச்சுச் சுருங்கிவிடும். பின்லாந்தில் வளர்ந்த நார்டிக் நடையில் இரு கோல்களையும் மாறி மாறி வீசி விரைவர். ஆங்குக் கையுங் காலும் ஒத்தியங்குதலின் பிழை குறைதல் கூடும். நோயால் மெல்ல ஊன்றி நடப்பார்க்கு அவ்வொப்புமை வாய்ப்பதரிது.

இதனை எம் இல்லத்தே கண்டோம். மூட்டுநோயுற்ற எம் பாட்டனார் இரு கோலூன்றி மாலைதோறும் நடப்பவர். மாமா அன்புடன் அணிவித்த கடிகாரம் நாடோறும் சிற்றெண்ணே காட்டிற்று. அவர் முகம் வாடி, கால் சோர்ந்த பின்னும் முற்றத்தில் மேலும் நடக்கலாயினார். ஒருநாள் யாம் உடன் நடந்து வாய்விட்டு எண்ணினோம். இருநூறு அடி நிரம்பிய பொழுது கடிகாரம் அதிற் பாதியுங் காட்டவில்லை. வேறொரு கருவியை இடைவாரிற் செருகி மீண்டும் எண்ணியபோது கணக்கு ஏறத்தாழ ஒத்தது.

“தாத்தா, உங்கள் கால் நடந்ததைக் கடிகாரம் அறியவில்லை” என்றோம்.

“அப்படியானால் இன்றைக்கு இது போதும், அப்பா” என்று கூறி அமர்ந்தார்.

மிக மெதுவாக நடப்பின் இடைக்கருவியும் சில அடிகளைத் தவறவிடும். ஆதலின், கோலூன்றும் முதியோர்க்குக் கருவி வாங்கித் தருவோர், முதலில் நூறு அடியேனும் உடன் நடந்து எண்ணிப் பார்ப்பாராக. எண் குறைந்ததெனக் கடிந்துரையாது, நடந்த நேரத்தையும் மூச்சின் நிலையையும் கேட்டறிவாராக. தளர்ந்த உடலோடு ஒருவர் எடுத்து வைக்கும் அடி, பிறர் நூறடியினும் அரிது. அதனை எண்ணுதற்கு உடன் நடக்கும் உறவினரே சிறந்த கருவியாவர்.