மூலப்பத்திரத்துக்கு முன்னால்

புதுக்கோட்டையில் இடம் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது மூன்றுதான்: தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும், பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு தூரம், பத்திரம் சுத்தமா? முதல் இரண்டுக்கும் பதில் தெருவிலேயே கிடைத்துவிடும். பக்கத்து வீட்டில் போர் போட்டவரைக் கேட்டால் எத்தனை அடியில் பாறை வந்தது என்பதுவரை சொல்லிவிடுவார். மூன்றாவது கேள்விக்குத் தரகுத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு, 30 வருஷத்துக்கு ஒண்ணுமில்ல.” வங்கிகளும் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அந்த 30 வருஷத்துக்கு முன்னால் ஒரு நிலம் யாருக்கு, எதற்காக வந்தது என்று ஒரே ஒரு மனைக்காகத் தேடிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொழில் டீக்கடையில் தொடங்குகிறது. யார் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, யார் மகன் சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்டான், எந்த அண்ணன் தம்பி பாகம் பிரிக்கப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் காலை ஏழு மணிக்குள் தெரிந்துவிடும். நிலம் விற்பனைக்கு வருவதற்கு முன்பே ஒரு வீட்டின் சங்கடம் எங்கள் காதுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் நல்ல தரகர் வாயை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் சொல்வார். நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று வாங்கும் கமிஷன், நிலத்தைக் காட்டுவதற்கு மட்டும் தரும் கூலி அல்ல என்பது அவர் கட்சி. விற்கிறவர், வாங்குகிறவர் இருவர் வீட்டிலும் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்க முடிய வேண்டும்.

2017இல் தஞ்சாவூர் சாலையில் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, ஊருக்குக் கிழக்கே விலை ஏறத் தொடங்கியது. 2024இல் நகராட்சி மாநகராட்சியானதும் இன்னும் கொஞ்சம் ஏறியது. வெள்ளாமை நின்றுபோன புஞ்சைகளில் ஊன்றுகல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, நகர் என்று பெயர்ப்பலகை வைக்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் நான் சொல்லும் இடமும் இருந்தது. விற்பவர் வயதான ஓர் அம்மா. அந்தத் தெருவுக்கே அவர் அப்பத்தா. பேத்தியை நர்சிங் படிக்க வைக்கப் பணம் வேண்டியிருந்தது. வாங்க வந்தவர் ஆலங்குடிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். வங்கிக் கடனில் வீடு கட்ட நினைத்தவர். பேச்சு முடிந்து அட்வான்ஸ் கைமாறும் நேரத்தில் வங்கியின் வக்கீல் ஒரு கேள்வி எழுப்பினார். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றில் இந்த நிலத்தை ‘இனாம்’ என்று எழுதியிருக்கிறதே, எந்த வகை இனாம், அது எப்படித் தனியார் பட்டாவானது என்று கேட்டார்.

அது சரியான கேள்வி. அரசு வரி வாங்காமல் விட்ட மானிய நிலம்தான் இனாம்; அப்படி வந்தால் அது கோயில் சொத்தாக இருக்கலாம். கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆவது பிரிவு இடம் கொடுக்காது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி சார்பதிவாளரும் அதைப் பதிய மாட்டார். ஆசிரியர் பயந்துபோனார். அப்பத்தாவுக்கு அதைவிடப் பெரிய பயம்: நாலு தலைமுறையாக உழுது தின்ற நிலத்தை யாரோ ஒருவர் உங்களுடையது இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று.

அப்போது வில்லங்கச் சான்று 1975இலிருந்துதான் கணினியில் கிடைத்தது. அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுப் பழைய புத்தகங்களில் கையால் தேடச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் ஓரிரண்டு அடமானங்களும் அவற்றின் ரத்துகளும் வந்தன. இனாமுக்கு விளக்கம் வரவில்லை. அது அப்பத்தா வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. பழைய ரேஷன் கார்டுகள், எல்.ஐ.சி. ரசீதுகள், யாரோ ஒருவருடைய ஜாதகம் ஆகியவற்றின் அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். பழைய புதுக்கோட்டை சமஸ்தான முத்திரைத்தாளில் எழுதிய பத்திரம் அது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் டிரேசிங் தாள் ஒட்டியிருந்தது. யுவ வருஷம் தை மாதம், பசலி 1345. நம் கணக்குக்கு 1936 ஜனவரி. மை பழுப்பேறியிருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. அளவைக் குழியில் சொல்லியிருந்தார்கள். எல்லைகளில் ஒரு பக்கம் கண்மாய்க்கரை, ஒரு பக்கம் வண்டிப்பாதை, ஒரு பக்கம் பங்காளி நிலம். மேற்கே மட்டும் ‘வேளார் மானியத்துக்குக் கிழக்கு’ என்று இருந்தது. நிலம் வந்த வழியையும் எழுதியிருந்தார்கள்: முன்னோருக்கு அரண்மனைக் காவல் ஊழியத்துக்காக விட்ட மானியம், பிறகு ஊழியம் நீங்கித் தீர்வை கட்டும் நிலமாக மாறியது.

அரண்மனைக் காவல் என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் படிக்கத் தொடங்கினேன். ராதாகிருஷ்ண ஐயர் 1916இல் எழுதிய புதுக்கோட்டை வரலாறும், கே.ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தான மேனுவலும் திருக்கோகர்ணத்து ஞானாலயா போன்ற நூலகங்கள் இருக்கும் ஊரில் எட்டாத புத்தகங்கள் அல்ல. அவற்றோடு நிக்கலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வும் உண்டு. நம் சமஸ்தானத்தின் இனாம் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எழுதியவர் அவர். நாங்கள் நாள் முழுக்க விலை பேசும் நிலத்தின் பூர்வீகம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. இந்த ஊர்த் தரகர் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

அதில் தெரிந்தது இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை சமஸ்தானமான தொண்டைமான் சீமையில் சாகுபடி நிலத்தில் பத்துக்கு மூன்று பங்குக்கும் குறைவாகத்தான் அரசு வரியோ வாரமோ வாங்கியது. மீதி எல்லாம் இனாம். அந்த இனாம்களை எண்ணிக்கையில் பார்த்தால் ஏறத்தாழ நூற்றுக்கு 30 படைவீரர்களுக்கும் அவர்களுடைய தலைவர்களுக்கும் அரண்மனைக் காவலர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும். நூற்றுக்கு 25 பங்கு கிராம அதிகாரிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் ஊர் வேலை செய்தவர்களுக்கும். மிச்சம் கோயில், மடம், சத்திரம், பிராமணர் குடியிருப்புகளுக்கு. இதைப் படித்தபின் என் தொழில் நடக்கும் மண்ணே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பழைய தொண்டைமான் சீமையின் பெரும்பாலான சாகுபடி நிலம் முதலில் யாரும் காசு கொடுத்து வாங்கியது அல்ல. ஒருவர் வாசலில் நின்றதற்கும், ஒருவர் சண்டைக்குப் போனதற்கும், ஒருவர் மண் பிசைந்ததற்கும் சம்பளமாகக் கொடுத்தது அதில் நிறைய. நான் சதுர அடியில் விற்பது யாரோ ஒருவருடைய வேலையை.

அப்பத்தாவின் முன்னோர் காத்த அரண்மனை இப்போதைய ஊரின் நடுவில் இருந்தது. 1812இல் தீ விபத்தில் ஊர் எரிந்தபின் விஜய ரகுநாத ராய தொண்டைமான் காலத்தில் ஊரைப் புதிதாக எழுப்பினார்கள். தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் யோசனையும் அதில் உண்டு. கோணல் சந்துகள் போய், அகலமான நேர் வீதிகளும் ஓட்டு வீடுகளும் வந்தன. அரண்மனையைச் சுற்றி நாலு ராஜ வீதி, அதற்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று அடுக்கடுக்காக. வீடு காட்ட வரும் வெளியூர்க்காரர்களுக்கு ‘தெற்கு நாலாம் வீதி’, ‘கீழ மூணாம் வீதி’ என்ற விலாசங்கள் விநோதமாக இருக்கும். ஒரு தரம் விளங்கிவிட்டால் வழிகேட்கவே வேண்டாம். இந்த ஊரில் தரகு வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதற்கு நான் அந்தக் காலத்து ஆட்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

1878இல் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரி நில முறையை மாற்றினார். விளைச்சலைப் பங்கு பிரிக்கும் அமானி முறையில் ஒன்பதில் ஒரு பங்கு ஊர் ஊழியர்களுக்குப் போனபின், மீதியில் குடியானவருக்கு நாலு, ராஜாவுக்கு நாலு. அதை நீக்கிப் பணத் தீர்வையாக்கினார். 1888இல் இனாம் தீர்வுக்கு ஏற்பாடு செய்தார். சண்டை ஓய்ந்த நாட்டில் படை மானியமும் காவல் மானியமும் எதற்கு என்பது அன்றைய வாதம். ஊழியத்திலிருந்து ஆட்களை விடுவித்து, வரி கட்டிக்கொண்டு நிலத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலருக்கு அது விடுதலை. அரண்மனையோடு இருந்த உறவு அறுந்தது என்று வருந்தியவர்களும் இருந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது; சம்பளத்தோடு மரியாதையும் சேர்ந்துதானே அந்த மானியத்தில் இருந்தது. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர்ந்தது. எஞ்சிய இனாம்களுக்காக 1955இல் சென்னை மாநிலம் புதுக்கோட்டைக்கென்றே ஒரு தனிச் சட்டம் போட்டது. வக்கீல் கேட்ட கேள்விக்கான பதில் இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கு இடையில் இருந்தாக வேண்டும்.

பழைய பதிவேட்டின் நகலுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அந்த அலுவலகமே தொண்டைமான்களின் புது அரண்மனையில்தான் இருக்கிறது. காவல்காரர் வம்சத்துக்குச் சான்று வாங்க அரண்மனைக்கே போய் நின்றதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிலிர்ப்பு. பழைய புல எண்ணையும் இன்றைய புல எண்ணையும் பொருத்திப் பார்ப்பதுதான் பெரிய வேலை. நிலவரித் திட்டம் ஒன்றில் ஓர் எண், 1980களில் யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது இன்னொன்று, அதன்பின் உட்பிரிவுகள். நில அளவையர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். காவல் ஊழியத்திலிருந்து விடுவித்துத் தீர்வை விதித்த பதிவு கிடைத்தது. அப்பத்தாவின் பாட்டனாருடைய தகப்பனார் பெயர் அதில் இருந்தது. வக்கீலுக்கு அது போதும்.

எனக்குப் போதவில்லை. மேற்கு எல்லை உறுத்திக்கொண்டே இருந்தது. வேளார் மானியம் என்று பத்திரம் சொல்லும் இடத்தில் இன்று நீளமாக ஒரு துண்டு காலியாகக் கிடக்கிறது. அதன் வழியாகத்தான் எல்லோரும் நடந்துபோகிறார்கள். மனைகளுக்கு ரோடு என்று அதைத்தான் காட்டி வந்திருக்கிறார்கள். கிராமத்து நிலங்களுக்கான அ-பதிவேட்டைப் பார்த்தபோது அது பாதை என்று இல்லை. அய்யனார் கோயில் பெயரில் இருந்தது.

வேளார்கள் மண்பாண்டம் செய்பவர்கள். இந்தப் பக்கத்தில் பல அய்யனார் கோயில்களில் பூசை செய்வதும் அவர்கள்தான். அந்தத் தெருவுக்குப் பின்னால் இருந்த வேளார் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். “அது புரவிக்கு விட்ட நெலம் தம்பி” என்றார். கண்மாய் நிறைந்து வெள்ளாமை கண்ட வருஷம் ஊர் கூடி அய்யனாருக்கு மண் குதிரை செய்து புரவி எடுப்பார்கள். பிடிமண் கொடுத்ததும் வேலை தொடங்கும். கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் வைக்கோல் துண்டும் சேர்த்து மிதித்துப் பதமாக்க வேண்டும். முதலில் நாலு கால்கள், உள்ளே கூடாக. அவை கொஞ்சம் இறுகியபின்தான் வயிறு. இறுகாமல் ஏற்றினால் பாரம் தாங்காது சாய்ந்துவிடும். அதன்பிறகு கழுத்து, தலை, மணிமாலை. எல்லாம் காய்ந்தபின் வைக்கோலும் விறகும் மூடிச் சூளை வைப்பார்கள். பெரியவர் இதைச் சொல்லும்போது கைகள் காற்றில் கழுத்தை வளைத்துக் காட்டின. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் நிற்கும் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய சுதைக் குதிரையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஊருக்கு ஊர் மண் குதிரைகளும் நிற்கின்றன. அவற்றின் பின்னால் இருந்த கூலியை நான் அன்றுதான் கண்டேன். அது அந்தத் துண்டு நிலம்.

கடைசியாகத் தன் தகப்பனார் காலத்தில்தான் அதில் கேழ்வரகு போட்டார்கள் என்றார் பெரியவர். பிறகு தரிசு. தரிசு பாதையானது. பாதையை ரோடு என்று சொல்லத் தொடங்கியாயிற்று. இன்னும் பத்து வருஷம் போனால் தார் போட்டிருப்பார்கள். 2021இலிருந்து கோயில் நிலங்களின் விவரத்தை அறநிலையத்துறை இணையத்தில் ஏற்றி வருகிறது, நல்ல காரியம். ஆனால் வாங்குகிறவர் கையில் அதை எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் நாங்கள் இருக்கிறோம்.

நான் ஆசிரியரையும் அப்பத்தாவையும் ஒன்றாக உட்கார வைத்து இரண்டு விஷயத்தையும் சொன்னேன். நிலம் சுத்தம், மேற்குப் பக்கத்து வழி உங்களுடையது இல்லை. ஆசிரியர் யோசித்தார். வடக்கே பழைய வண்டிப்பாதை படத்தில் இருக்கிறது, வாசலை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று அளந்து காட்டினேன். மனையின் முகம் மாறுவதால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். அப்பத்தாவுக்கு மனம் வரவில்லை. “காவக்காரவுக நெலத்த கம்மியாக் கேக்குறீகளே” என்றார். தன் பாட்டனார் வம்சம் அரண்மனை வாசலில் நின்றது அவருக்கு அந்த வாரம்தான் தெரியும். அதற்குள் அதைப் பேரத்தில் வைத்துவிட்டார். ஆசிரியர் சிரித்து, கேட்டதில் பாதியை விட்டுக்கொடுத்தார்.

பதிவுக்கு முதல் நாள் பத்திர எழுத்தரிடம் சொத்து விவரத்தை நானே சொல்லி எழுத வைத்தேன். இன்றைய புல எண்ணோடு பழைய எண்ணும் இருக்க வேண்டும் என்றேன். மேற்கு எல்லைக்கு அவர் ‘பாதைக்குக் கிழக்கு’ என்று அடித்திருந்தார். முந்தைய பத்திரங்களில் அப்படித்தானே இருக்கிறது என்றார். 1936 பத்திரத்தையும் அ-பதிவேட்டு நகலையும் அவர் முன்னால் விரித்து வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டு அந்த வரியை அழித்து, ‘அய்யனார் கோயில் வேளார் மானியத்துக்குக் கிழக்கு’ என்று மறுபடி அடித்தார்.